பாரிசிலிருந்து லண்டனுக்கு ஒரே இறக்கம்

அன்றைக்குப் பின்னேரம் யாழ்ப்பாணத்து உடுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி பவளத்தின் தமக்கை மகேசக்கா, எயாப்போட் அண்ணை. பாதியில் வந்து சேர்ந்தவர் பக்கத்து வீட்டு ரியூசன் மாஸ்டர். அவரோடு நான்கு. பவளம் இல்லை. அவள் அந்த நேரம் பாரிசுக்கும் லண்டனுக்கும் இடையில் எங்கேயோ ஆகாயத்தில் இருந்தாள். இருந்தாளா, இறங்கிவிட்டாளா, இல்லை வேறு ஏதுமா என்பதுதான் அன்றைய பிரச்சினை.

எயாப்போட் அண்ணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடாநாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போன சனத்தில் பாதியை அனுப்பிவைத்தவர் அவர். மிச்சப் பாதி, அவருடைய வான் அன்றைக்கு வேறு ஹயர் ஓட்டத்தில் போய்விட்டபடியால், மனமில்லாமல் வேறு வானில் போனது. ஐரோப்பாவின் படம் முழுக்க அவருடைய தலைக்குள் இருக்கிறது. அதில் ஒரு ஊராவது சரியான இடத்தில் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும், வருகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதும் தொழில், அதனால்தான் எயாப்போட். நீல நிற வான். எத்தனையோ வருடமாகப் போய் வருகிறார், ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு அடி வைத்ததில்லை. விமானத்தில் ஏறியதும் இல்லை. அதனால் என்ன? விமானப் பயணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

வெள்ளிக்கிழமை இரவு விமானம் என்றால் வியாழக்கிழமை பின்னேரமே வாசலில் வந்து ஹோர்ன் அடிப்பார்.

“அண்ணை, பிளேன் நாளைக்கு இரவுதானே?”

“தம்பி, பிளேன் எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காது. நாங்கள்தான் பிளேனைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். ஏறுங்கோ.”

இதனால் அவருடைய வானில் போகிறவர்கள் ஒரு முழுப்பகல் விமான நிலையத்து வாகனத் தரிப்பிடத்தில் குடும்பமாகக் குடியிருப்பார்கள். கட்டிக்கொண்டு போன புட்டை அங்கேதான் சாப்பிடுவார்கள். பிரிவுத் துயரில் அழுது முடித்து, அழுகை அலுத்துப்போய் பழைய காணிக் கதையை எடுத்துச் சண்டை பிடித்து, பிறகு சமாதானமாகி, இனி இந்த ஆள் எப்போது ஏறித் தொலையும் என்று எல்லோரும் நினைக்கிற கட்டத்தில்தான் பயணி உள்ளே போவார். “கண்ணீர் இல்லாமல் அனுப்புறதெண்டா இப்பிடித்தான் அனுப்பவேணும்” என்பார் எயாப்போட் அண்ணை.

பயணி உள்ளே போன பிறகும் வானை எடுக்கமாட்டார். தலைக்கு மேலே ஒரு விமானம் போகவேண்டும். எது போனாலும் சரி.

“அந்தா! எங்கடை ஆள் போறார். கையைக் காட்டுங்கோ!”

குடும்பம் முழுக்க வானத்தைப் பார்த்துக் கை காட்டும். ஒருமுறை யாரோ வீட்டு மருமகன் ஒருவர், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர், “அண்ணை, அது ஏறுற பிளேன் இல்லை, இறங்கிற பிளேன்” என்று சொல்லிவிட்டார். எயாப்போட் அண்ணை கையை இறக்கவில்லை. “அதிலை வாறதும் ஆரோ ஒரு வீட்டு ஆக்கள்தானே. காட்டினாக் குறைஞ்சே போடுவியள்?”

இவ்வளவுக்கும் அவருக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. பிள்ளை இல்லை, சகோதரம் இல்லை, ஒன்றுவிட்ட மச்சான்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மனிதரைக் காண்பது அபூர்வம். கோவில் வீதியில் ஒருவர் அதைக் கேட்டே விட்டார். “ஏன் இல்லை? நான் ஏத்தி அனுப்பினதெல்லாம் ஆற்றை ஆக்கள்?” என்றார் அண்ணை. ஏற்றி அனுப்பிய ஆள் போய் இறங்கிவிட்டதாகச் செய்தி வரும்வரை அவருக்கு நித்திரை வராது. விடியற்காலையில் போன் எடுத்து, “இறங்கிட்டாவோ?” என்று கேட்பார். இறங்கிவிட்டா என்றால், அடுத்த சொல் இல்லாமல் வைத்துவிடுவார்.

ஐரோப்பிய நகரங்களுக்கு இடையிலான தூரத்தை அவர் எங்கள் ஊர்க்கணக்கில்தான் சொல்லுவார். சூரிச்சிலிருந்து ஜெனீவா, உடுவிலிலிருந்து பருத்தித்துறை மாதிரி. ஒஸ்லோவா? அது கொடிகாமம் தாண்டி. பாரிசிலிருந்து லண்டன் எவ்வளவு என்று கேட்டால், “நாங்கள் கொழும்புக்குப் போற தூரம். அதிலும் கொஞ்சம் குறைவு” என்பார். இந்த ஒன்று மட்டும் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. விமானம் போகிற தூரம் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீற்றர்தான். வந்த வினை எல்லாம் அந்தச் சரியால்தான் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒருமுறை நிற்கும். பஸ், லொறி, வான், பெரிய மனிதரின் கார், எதுவானாலும் நிற்கும். இறங்கித் தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் கடலை வாங்கி, காலை நீட்டி மடக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். எயாப்போட் அண்ணையைப் பொறுத்தவரையில் இது வாகனம் என்று பிறந்த எல்லாவற்றுக்கும் பொது விதி. நடுவழியில் ஒருமுறை நிற்காத வாகனம் உலகத்தில் இல்லை.

எங்கள் மகள் தர்சினிக்குப் பாரிசில் முதற்பிள்ளை பிறக்க இருந்த நேரம், பத்தியம் சமைத்துக் கொடுக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் பவளம் போனாள். கூட்டிக்கொண்டு போனது எயாப்போட் அண்ணையின் வான். முறிகண்டியில் கச்சான் சரையைப் பிரித்துக்கொண்டே அவளுக்குப் பாடம் எடுத்தார்.

“தங்கச்சி, இதை வடிவாப் பாத்துவைச்சுக்கொள்ளுங்கோ. பிளேனும் இப்பிடித்தான். நடுவிலை ஒரு இடத்திலை நிக்கும். சனம் எல்லாம் இறங்கும். நீங்கள் இறங்கிறேல்லை. பாக்கை மடியிலை வைச்சுக்கொண்டு பேசாமல் இருக்கவேணும். விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

நான் சிரித்தேன். ஆனால் என்ன நடந்தது தெரியுமா? கட்டுநாயக்காவில் ஏறிய விமானம் போகிற வழியில் மாலைதீவில் இறங்கி நின்றது. பாதிச் சனம் இறங்கியது. பவளம் இறங்கவில்லை. அடுத்த விமானம் மாறுகிற இடத்தில் அவளை வீல்செயரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு அப்படி எழுதிவிட்டால் சுகம் என்று மருமகன் ஏற்பாடு செய்திருந்தார். நாள் முழுக்க வெங்காயப் பாத்தி கொத்துகிறவள் வீல்செயரில் இருந்து பாரிஸ் போய்ச் சேர்ந்தாள். போனதும் முதல் கதை, “இஞ்சாருங்கோப்பா, அண்ணை சொன்ன மாதிரியே நடுவிலை நிண்டது. நான் அசையேல்லை.” அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் எயாப்போட் அண்ணையின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

மூன்று மாதம் போனது. லண்டனில் இருக்கிற மகன் நிரோசன், அம்மா இஞ்சையும் வந்து கொஞ்ச நாள் நிண்டுவிட்டுப் போகட்டும் என்றான். விசா எல்லாம் முதலே எடுத்திருந்தது. பாரிசிலிருந்து லண்டனுக்கு ரிக்கற் போட்டு அதன் படத்தை எனக்கு அனுப்பினான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் அந்த ரிக்கற்றில் இருந்த கணக்குக்கு எட்டாம் வகுப்பு தாராளம். பாரிசில் வெளிக்கிடுவது ஒன்றரைக்கு. லண்டனில் இறங்குவது ஒன்று ஐம்பதுக்கு. இருபது நிமிடம்.

எனக்கு வியர்த்துவிட்டது. கொழும்புக்குப் போகிற தூரத்தை இருபது நிமிடத்தில் ஒரு வாகனம் போகலாமா? அதற்குள் ஒரு மனுசியை வைத்துக்கொண்டு? பருத்தித்துறை பஸ்ஸில் போனாலே வாந்திக்குப் பயந்து தேசிக்காயை மூக்கில் பிடித்துக்கொண்டு இருக்கிறவள் பவளம். மகனுக்குப் போன் எடுத்தேன். அவன் வேலைத்தலத்தில் நின்றான். “கிட்டத்தானப்பா, ஏறி இறங்கிறதுதான்” என்று சொல்லி வைத்துவிட்டான். ஏறி இறங்குவது! அது எனக்குத் தெரியாதா? எப்படி இறங்குவது என்பதுதானே கேள்வி.

எயாப்போட் அண்ணையிடம் போனேன். அவர் படத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“திரும்பிப் பாரிசுக்கு வாறதுக்கு என்ன நேரம் போட்டிருக்கு?”

பார்த்தோம். லண்டனில் பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு, பாரிசில் ஒன்று இருபதுக்கு இறக்கம்.

“பாத்தீரோ! போகேக்கை இருபது நிமிசம். திரும்பேக்கை ரெண்டு மணித்தியாலமும் இருபதும். உமக்கு இன்னுமோ விளங்கேல்லை? பாரிஸ் மேடு, லண்டன் பள்ளம். பாரிசிலை இருந்து லண்டனுக்கு ஒரே இறக்கம் தம்பி! எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நியூற்றலிலை விட்டாலும் போய்ச் சேந்திடும்.”

“பாரிஸ் மேடெண்டு எப்பிடி அண்ணை தெரியும்?”

“அங்கை ஒரு உயரக் கோபுரம் இருக்கெல்லோ? பள்ளத்துக்கை கட்டினா அது உலகம் முழுக்கத் தெரியுமோ?”

நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். மழை பெய்தால் வெங்காயம் அழுகும் என்று கவலை, பெய்யாவிட்டால் வாடும் என்று கவலை. அப்படிப்பட்டவன் காதில் நியூற்றல் என்ற சொல்லைப் போட்டால் என்ன ஆகும்? பயண நாள் வரும்வரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடினால், எஞ்சின் சத்தமே இல்லாமல் ஒரு விமானம் சரிவில் உருண்டு வரும். ஜன்னலோரம் பவளம் தேசிக்காயோடு இருப்பாள்.

அந்த நாளும் வந்தது. பாரிசில் ஒன்றரை என்றால் எங்களுக்கு ஐந்து மணி. அதற்கு முதலே நீல வான் வாசலில் வந்து நின்றது. மகேசக்கா விடியவே வந்துவிட்டா. தர்சினி போன் எடுத்து, அம்மா உள்ளே போய்விட்டா, அம்மாவின் போன் லண்டனில் வேலை செய்யாது, இறங்கி வெளியே வந்து அண்ணாவின் போனில் கதைப்பா என்று சொன்னாள். இந்த முறை வீல்செயருக்கு எழுத மறந்துபோனதையும் கடைசியில் சொன்னாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

எயாப்போட் அண்ணை என் போனை வாங்கினார். சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் வைத்தார். “இனி ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது. நாங்கள் எடுத்துக்கொண்டிருக்க அவை எடுத்தினம் எண்டா எங்கேஜ் எண்டு வரும். லைன் வெறுமையாக் கிடக்கவேணும்.”

ஐந்து மணிக்கு எழுந்து நின்றார். “வெளிக்கிட்டிட்டுது.”

ஐந்து இருபதுக்கு மறுபடி எழுந்தார். “இறங்கிட்டுது. இப்ப அடிக்கும் பாருங்கோ.”

அடித்தது! நான் பாய்ந்தேன். எனக்கு முதல் அண்ணை பாய்ந்தார். எடுத்தது சுன்னாகத்து வெங்காய வியாபாரி.

“அண்ணை, வெங்காயம் கிண்டியாச்சோ?”

“வையும் காணும் போனை! இஞ்சை மனுசி ஆகாயத்திலை தொங்குது, இவருக்கு வெங்காயம்!”

அடுத்த நாள் சுன்னாகம் சந்தையில் என் மனைவி ஆகாயத்தில் தொங்கிய கதைதான் வெங்காய விலையைவிட மேலே நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐந்தரை ஆனது. போன் பேசாமல் கிடந்தது. மகேசக்கா நல்லூர்ப் பக்கம் திரும்பிக் கைகூப்பினா.

“கந்தா, பவளம் சுகமா இறங்கினா உனக்கு ஒரு அபிசேகம்.”

கொஞ்சம் பொறுத்து, “காவடியும் எடுப்பிப்பன் அப்பனே.”

“ஆர் அக்கா எடுக்கிறது?”

“நீர்தான் தம்பி. உம்மடை மனுசியெல்லே?”

இன்னும் கொஞ்சம் பொறுத்து, “வெயிலுக்கை வீதி முழுக்கப் பிரதட்டை அடிப்பார் முருகா.” அடிப்பார் என்றதும் யார் என்று நான் கேட்கவில்லை. மகேசக்காவை இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எனக்குத் தூக்குக்காவடியும் நிச்சயமாகியிருக்கும்.

“அண்ணை, என்ன இது? அரை மணித்தியாலம் கூடப்போச்சே?” என்றேன்.

“இறக்கமெல்லோ தம்பி. பிறேக் பிடிச்சுப் பிடிச்சுத்தான் போகவேணும்.”

ஆறு மணிக்குக் கேட்டேன். “வளைவு கிளைவு இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு கேட்டதற்கு, “தெரியேல்லை தம்பி” என்றார். அவர் வாயால் தெரியாது என்று நான் அதுவரை கேட்டதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அந்த நேரம்தான் வகுப்பை முடித்துக்கொண்டு ரியூசன் மாஸ்டர் வேலியால் எட்டிப் பார்த்தார். எங்கள் முகங்களைக் கண்டு பயந்து உள்ளே வந்தார். ரிக்கற் படத்தைக் காட்டினோம். பார்த்துவிட்டு மனிதர் சிரித்தார்.

“அண்ணை, இது இருபது நிமிசமில்லை. லண்டனிலை மணி ஒண்டு பிந்தி. பாரிசிலை ரெண்டு மணி எண்டா, லண்டனிலை ஒரு மணிதான். போற நேரம் பாரிஸ் மணி, இறங்கிற நேரம் லண்டன் மணி. உண்மையா ஒரு மணித்தியாலமும் இருபது நிமிசமும். இன்னும் இறங்கவே இல்லை. ஆறு இருபதுக்குத்தான் இறங்கும்.”

என் வாழ்நாளில் எனக்கு ஒருவர் ஒரு மணித்தியாலத்தைச் சும்மா தந்தது அன்றைக்குத்தான். அப்படியே மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எயாப்போட் அண்ணை விடவில்லை.

“அப்ப திரும்பி வாறதுக்கு?”

“அதுவும் ஒரு மணித்தியாலம் இருபதுதான்.”

“போகவும் அதே, வரவும் அதே எண்டால் ஏன் வேறை வேறையா எழுதிக் கிடக்கு? சனத்தைப் பேய்க்காட்டவோ?”

“ஊருக்கு ஊர் மணி மாறும் அண்ணை.”

“மாஸ்டர், உந்தக் கதையை உங்கடை பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. பாரிசிலை இருந்து லண்டன் கொழும்புத் தூரம். நான் எத்தினை வருசமா கொழும்புக்கு ஓடுறன். ஒரு நாளாவது வவுனியாவிலை நிப்பாட்டி மணிக்கூட்டைத் திருப்பினனானோ?”

மாஸ்டர் பூமி உருண்டை, சூரியன் என்று தொடங்கி, இடையில் மகேசக்காவிடமிருந்து ஒரு தேங்காயை வாங்கிச் சுற்றியும் காட்டினார். அண்ணை தேங்காயைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு எது சரி என்று கவலை இல்லை. இன்னும் இறங்கவில்லை என்கிற கணக்கு எந்தக் கணக்கானாலும் அது என் கணக்கு. தேத்தண்ணி குடித்தேன். இரண்டு வாய்ப்பன்கூடச் சாப்பிட்டேன்.

ஆறு இருபது வந்தது. போனது. விளக்கு வைத்தாயிற்று. ஏழும் ஆனது.

இப்போது எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம்.

“மாஸ்டர், உங்கடை மணித்தியாலமும் முடிஞ்சுது” என்றார் எயாப்போட் அண்ணை. குரலில் வெற்றி இல்லை. தானே தோற்றிருக்கலாமே என்று இருந்தது.

“இறங்கினோடனை வெளியிலை வரேலாது அண்ணை. பாஸ்போட் பாப்பினம். கியூ இருக்கும். பாக் எடுக்கவேணும்” என்றார் மாஸ்டர். ஏழரைக்கு, “கியூ கொஞ்சம் நீளம் போலை” என்றார். அதற்குப் பிறகு, “சிலவேளை…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். படித்த மனிதர் ஒருவர் சிலவேளை என்று தொடங்கி நிறுத்தினால் எட்டாம் வகுப்புக்காரன் என்ன செய்வான்? மூக்கில் தேசிக்காயை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாமல், வீல்செயரும் இல்லாமல், அவ்வளவு பெரிய இடத்தில் என் மனுசி எந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறாளோ? முப்பத்துமூன்று வருடத்தில் அவளை நான் தனியாகச் சந்தைக்குக்கூட அனுப்பியதில்லை. பாசத்தால் அல்ல, நான் வாங்கினால் விலை கூட என்று அவள்தான் என்னைப் பின்னால் பையோடு கூட்டிக்கொண்டு போவாள்.

எயாப்போட் அண்ணை மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, வான் வாசலிலை நிக்குது. டீசல் நிரப்பித்தான் கொண்டந்தனான். ஒண்டெண்டா உடனை வெளிக்கிடுவம்.”

“எங்கை அண்ணை?”

“கட்டுநாயக்காவுக்கு.”

“அங்கை போய்?”

அவர் யோசித்தார். பாவம், அதற்கு அப்பால் அவருக்கும் வழி தெரியாது. “அங்கை போனா ஆரும் சொல்லுவினம்” என்றார்.

நான் சட்டையைப் போட எழும்பினேன் என்றால் நம்புவீர்களா? உண்மையாகவே எழும்பினேன். அப்போதுதான் போன் அடித்தது.

ஒருவரும் தொடவில்லை. இரண்டு தரம், மூன்று தரம் அடித்தது. அண்ணை தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

“அப்பா, அம்மா வந்திட்டா” என்றான் நிரோசன்.

“வந்திட்டாவாம்!” என்றேன். மகேசக்கா “முருகா!” என்று கத்தியதில் முன்வீட்டு நாய் குரைத்தது. மாஸ்டர் சுவரில் சாய்ந்து நின்று நெற்றியைத் துடைத்தார். அன்றைக்கு வந்த ஆறுதலை நான் எழுதிக் காட்ட முடியாது. மழைக்கு முதல் வெங்காயம் முழுவதையும் வீட்டுக்குள் ஏற்றிவிட்டதுபோல இருந்தது.

“ஏன்ரா இவ்வளவு நேரம்?”

“அதை அவவிட்டையே கேளுங்கோ” என்றான். அவனுக்குச் சிரிப்பில் கதை வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்தான். நான் சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்க வைத்தேன்.

“இஞ்சாருங்கோப்பா, நான் இறங்காமல் இருந்திட்டன்.”

“என்னது?”

“கிளாசிலை கொஞ்சம் தண்ணி தந்தவை. அதைக் குடிச்சு முடிக்க முதலே கீழை இறங்கிட்டுது. நடுவிலை நிக்கிற இடமெண்டு நினைச்சன். சனம் எல்லாம் எழும்பி இறங்கிச்சுது. சரி, கச்சான் வாங்கப் போயினம் எண்டு நான் பாக்கை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன். பெல்ற்றும் கழட்டேல்லை. ஒரு பிள்ளை வந்து லண்டன் எண்டாள். ஓம் பிள்ளை, லண்டனுக்குத்தான் எண்டு தலையாட்டினன். திரும்பவும் லண்டன், லண்டன் எண்டாள். நல்ல பொறுமையான பிள்ளையப்பா. நானும் கோவிக்காமல் ஓம் ஓம் எண்டன். பேந்து தொப்பி போட்ட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு ரிக்கற்றைக் காட்டி, இதிலை பாருங்கோ லண்டன் எண்டு போட்டிருக்கு, நடுவழியிலை இறக்கிவிடப் பாக்கிறியளோ எண்டு கேட்டன்.”

“தமிழிலையோ?”

“பின்னை? கடைசியிலை பிளேன் கூட்டித் துடைக்கிற ஆக்கள் வந்தினம். அதிலை ஒரு தம்பி எங்கடை ஆள், பருத்தித்துறை. அம்மா, இதுதான் லண்டன், இறங்குங்கோ, இருந்தியளெண்டா இது உங்களைத் திரும்பப் பாரிசுக்குக் கொண்டுபோயிடும் எண்டான். நான் நம்பேல்லை. அப்ப முறிகண்டி எங்கை தம்பி எண்டு கேட்டன். அவனுக்கு விளங்கியிட்டுது. அம்மா, இந்த ரூட்டிலை முறிகண்டி இல்லை எண்டான். அதுக்குப் பிறகுதான் இறங்கினன்.”

மாஸ்டர் நிலத்தில் குந்திவிட்டார். மகேசக்கா அழுதாவா சிரித்தாவா என்று தெரியவில்லை, இரண்டும் ஒன்றாகவே வந்தது. நான் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

“விசரோப்பா உமக்கு? தொப்பிக்காரனே வந்து சொல்லுறான், இறங்கிறதுக்கென்ன?”

“என்னெண்டு இறங்கிறது? எயாப்போட் அண்ணை இறங்கவேண்டாம் எண்டு சொன்னவரெல்லே? மாலைதீவிலை அவர் சொன்னது சரிவரேல்லையோ? அந்தத் தொப்பிக்காரனை எனக்கு முன்னைப் பின்னைத் தெரியுமோ?”

நாங்கள் எல்லோரும் திரும்பி அண்ணையைப் பார்த்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்ட வந்து போனுக்குக் குனிந்தார்.

“தங்கச்சி…”

“அண்ணையோ? நிக்கிறியளோ உங்கை? எனக்குத் தெரியும் நீங்கள் நிப்பியளெண்டு. நான் இறங்கிட்டன் அண்ணை. நீங்கள் இனிப் போய்ப் படுங்கோ.”

அண்ணை தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கிப் போனார். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. பிறகும் கேட்டது. முகம் கழுவ எத்தனை வாளி வேண்டும்?

நான் துவாயை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் தண்ணீர். கண் இரண்டும் சிவந்திருந்தது. துவாயை வாங்கி முகத்தில் வைத்தவர், அதை எடுக்காமலே கேட்டார்.

“கிணத்துக்குக் குளோரின் போட்டனீரோ தம்பி? கண் எரியுது.”

எங்கள் கிணற்றில் குளோரின் பட்டு ஒரு வருடத்துக்கு மேலே.

“ஓம் அண்ணை” என்றேன். “கொஞ்சம் கூடிப்போச்சு. எனக்கும் எரியுது.”